பாக்கி ஒண்ணு அம்பது

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு,
செக்காலை ரோட்டில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறியை நிறுத்திவிடுவோம்.
காசின் சத்தம் கேட்க வேண்டும்.

இந்த முறை விலை சொல்ல
மதுரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.
கண்ணில் லென்ஸ், கையில் வெள்ளை உறை.
ஆளுக்கு ஒன்று வையுங்கள் என்றார்,
இருப்பதிலேயே பிடித்ததை.

சிகப்பி வைத்தது பினாங்குச் சதுரக் காசு.
மருந்துக்கடைக்காரர், அளந்துதான் பேசுவார்.
காசோடு ஒரு எக்ஸ்ரே படத்தை
ஜன்னலுக்கு நேரே பிடித்தார்:
மூன்று வயது விலா எலும்புகள்,
அவற்றுக்குக் கீழே வெள்ளையாய் ஒரு சதுரம்.
"ராஜா எனக்குள்ள ரெண்டு நாள் இருந்தார்.
வாழைப்பழம் குடுத்து வழியனுப்பினோம்."
மதுரைக்காரர் காசைக் கீழே வைத்துவிட்டுக்
கையுறையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வெள்ளி ரூபாயை எடைபோட்டு விற்கிற சிக்கந்தர்
எடுத்து வைத்தது ஈயம்.
கடை திறந்த முதல் நாள் ஏமாந்து வாங்கிய கள்ளக்காசு.
மேசையில் போட்டார். தொத்தென்றது.
"இதைக் கேட்டுக் கேட்டுத்தான்
மத்ததோட குரல் தெரிஞ்சுது.
இதை வித்தா நான் செவிடு."

லைன்மேன் பெரியகருப்பன்
மூடிய கையைத் திறக்கவே இல்லை.
யாரும் கேட்கவில்லை.

அடுத்து நான்.
ஒரு ரூபாயும் ஐம்பது காசும் வைத்தேன்.
"ஒன்றுதானே கேட்டேன்?"
ஒண்ணுதான் சார். ஒண்ணு அம்பது.

லென்ஸைக் குனித்தார்.
ஆண்டுக்குக் கீழே புள்ளி, நொய்டா.
கோடிக்கணக்கில் அடித்தது, தேய்மானம் வேறு.
"இதிலென்ன விசேஷம்?"

என்னுது இல்லை, என்றேன்.

தொண்ணூற்றெட்டு, ஐப்பசி அடைமழை,
காரைக்குடி–புதுக்கோட்டை வண்டி.
தோளில் தூங்கும் பிள்ளை, ஒரு கையில் தூக்குவாளி,
பல்லில் கடித்த ஐந்து ரூபாய்த் தாள்.
ஈரத்தோடு வாங்கினேன்.
பையில் சில்லறை இல்லை.
டிக்கெட்டின் முதுகில் 1.50 எழுதி வட்டம் போட்டேன்.
கோட்டையூரில் சில்லறை சேர்ந்தது.
மறந்துபோனது என்றுதான் இத்தனை காலம் சொல்லிவந்தேன்.
மறக்கவில்லை.
கூட்டத்தைப் பிளந்து முன்னால் போகச் சோம்பல்.
கேட்டால் கொடுக்கலாம் என்றொரு நினைப்பு.
பள்ளத்தூரில் இறங்கினாள்.
விசில் அடித்தது நான்.
பின்கண்ணாடியில் ஒரு கை உயர்ந்தது.
டிக்கெட்டைக் காட்டியதா,
பிள்ளைக்கு மழையை மறைத்ததா,
கண்ணாடி அவ்வளவு அழுக்கு.

இரவு டிப்போவில் கட்டியபோது
ஒன்று ஐம்பது மிஞ்சியது.
டீ குடித்திருக்கலாம்.
தனியே கிடக்க வேண்டாமென்று
பக்கத்தில் ஒரு ஓட்டைக்காலணா வைத்தேன்.
பிறகு தாமரை போட்ட இருபது காசு.
இப்போது ஏழு ஆல்பம்.
எல்லாம் அதற்குத் துணை.

சிகப்பி எக்ஸ்ரேயைச் சுருட்டியபடி சொன்னார்:
"அந்தப் பொண்ணோட பேரேட்டுல
உங்க பேர்ல அது பற்று."
பற்று என்பதற்கு
அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு பொருள்.
எனக்கு இரண்டாகிப் பல வருடம்.

மதுரைக்காரர் தன் தாளில்
எனக்கு நேரே கோடு இழுத்தார்.

மாலை டவுன் பஸ்சில் திரும்பினேன்.
பெண்களுக்கு இப்போது கட்டணம் இல்லை,
சில்லறைப் பேச்சே இல்லை.
அவள் இதிலேயே உட்கார்ந்திருக்கலாம்,
தோளில் தூங்கிய பிள்ளைக்குத்
தலை நரைக்கத் தொடங்கியிருக்கலாம்.
கண்டக்டர் சின்னப் பையன்.
எனக்கு இரண்டு ரூபாய் தர வேண்டும்,
அப்புறம் தர்றேன் என்றான்.
சரி என்றேன்.

பள்ளத்தூர்.
குனிந்து வெளியே பார்த்தேன்,
சட்டைப்பையில் கை வைத்தபடி.
ஒருவர் இறங்கினார். யாரும் ஏறவில்லை.
கொஞ்சம் பொறு தம்பி, என்று
சொல்ல வாயெடுத்தேன்,
அவன் விசில் அடித்துவிட்டான்.