இருபது நொடி

கைகழுவும் படம் ஏழு வேண்டுமாம்.
சோப்பு உறையில் கொடி தெரிய வேண்டும்,
குழாயிலிருந்து நீர் விழுவது தெரிய வேண்டும்,
முகம் தெரிந்தாலும் சரி, சிரித்தால் நல்லது.

எந்த நாட்டுக் கொடிக்கா என்றான் மயில்சாமி.
ஆட்டோவின் பின்னால் முந்நூறு சோப்பு,
என் மடியில் தடுப்பூசிப் பெட்டி.
எனக்கும் தெரியாது.
அங்கே பனி கொட்டும் என்று மட்டும்
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
அந்த ஊர்ச் சனங்கள் கட்டிய வரிதான் இந்தச் சோப்பாம்.
"நம்மள அவங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"
பாதை தமிழ்நாட்டுக்குள் அரை கிலோமீட்டர் போய்த் திரும்புகிற இடத்தில்
செக்போஸ்ட்காரர் ஈ-பாஸ் கேட்டார்.
பதினேழு வருஷமாக
அவருக்கு எதிர்வீடு நான்.

ஒழலப்பதி தாண்டி, தேங்காய்மட்டை உரிக்கும் களம்.
பேனரில் மலையாளம்; வாசித்துத் தமிழில் சொல்வது என் பாடு.
ஓடும் நீரில், இருபது நொடி, என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
"ஓடற தண்ணியாங்க்கா?"
மாரக்காள்தான்.
டேங்கர் வந்து ஒன்பது நாள்.
களத்துக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது.
அதையும் படம் எடுக்கலாம் என்றான் மயில்சாமி.

பேனரில் இருந்த கை ரோஜா நிறம்.
மாரக்காளின் கையில் ஆறு வருஷத்து மட்டைச்சாறு,
புளி போட்டுத் தேய்த்தும் போகாதது.
"இது போனாத்தான் சுத்தமுன்னா
நான் கையையே கழட்டோணுமுங்க."

ஊசிக்கு முன்னால் ஓடிபி.
டவர் பொள்ளாச்சிப் பக்கம்.
செல்லமுத்து போனைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
மட்டைக் குவியலில் ஏறினான்.
எண் வந்தது. இறங்குவதற்குள் காலாவதி.
மறுபடி ஏறினான். இந்த முறை
அங்கிருந்தே ஆறு எண்ணையும் கூவினான்,
ஏலம் விடுவதுபோல.
"பேடிக்கண்டா" என்றபடி குத்தினாள் நர்ஸ் பிஜிமோள்.
பயப்படாதே என்பது
ஊசி இறங்கின பிறகுதான் சிலருக்குப் புரிந்தது.

மூன்று மணி. நாற்பத்தோரு பேர். படம், பூஜ்யம்.

குப்பிகள் தீர்ந்த பெட்டியைத் திறந்து பார்த்தாள் பிஜிமோள்.
நான்கு ஐஸ்பேக்,
உள்ளே பனி முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது.
அலுவலகத்தில் எண்ணித் திருப்ப வேண்டியவை.
ஒன்றின் மூடியைத் திருகினாள்.
என்னைப் பார்க்கவேயில்லை.

மாரக்காள் கை நீட்டினாள்.
முதல் சொட்டுக்கே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.
"ஐயோ, சுடுதே!"
பிறகு தானே சிரித்து
மறுபடியும் நீட்டினாள், இரண்டு கையையும்.
நான் எண்ணினேன்.
பதினொன்றில் தண்ணீர் நின்றது.
மீதி ஒன்பதை
களமே நின்று எண்ணியது, சத்தமாக,
அவள் நுரைக் கையை உயர்த்திப் பிடித்திருக்க.
அடுத்த பேக்கைத் திறந்து ஊற்றிக் கழுவினோம்.
கீழே தேங்கியதை ஒரு கோழி வந்து பார்த்தது,
ஒரு வாய் குடித்தது, தலையை உதறிப் போனது.

கையைச் சேலையில் துடைக்காமல்
காற்றில் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"அந்த ஊர்க்காரங்க அல்லாரும் ஊசி போட்டுட்டாங்களா?
அங்க யாராச்சும் செத்தாங்களா?
விசாரிச்சுச் சொல்லுங்க்கா."

ராத்திரி அறிக்கையை நிரப்பினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
சோப்பு வாங்கியவர்
கொடுத்தவர்களின் நலம் கேட்கிறார்.

காலையில் பதில் வந்திருந்தது.
படத்தில் குழாய் இல்லை.
திரும்ப எடுத்து அனுப்பவும்.