முப்பது விநாடி

ஏழாவது தோட்டாவுக்கு
டிக் என்றது. அவ்வளவுதான்.

வெருலம் சுடுதளத்தில் இதற்கொரு சட்டம் உண்டு:
குழல் வாய் இலக்கைப் பார்த்தபடியே,
விரல் விசைக்கு வெளியே,
முப்பது விநாடி.
உள்ளே தீ தாமதமாக வரலாம்.
வந்தால் அது காகிதத்துக்கே போகட்டும்,
பக்கத்தில் நிற்கும் பூபாலன் நாயுடுவுக்கு வேண்டாம்.

ஒன்று. இரண்டு.
எங்கோ கரும்பைக் கொளுத்தியிருக்கிறார்கள்.
சுருண்ட கருஞ்சாம்பல் ஒன்று
நீட்டிய முன்கையில் இறங்கி உட்காருகிறது.
தட்டிவிட முடியாது.

ஐம்பத்தெட்டில் செய்தது, மரப்பிடி,
என்னைவிடப் பதினாறு வயது மூத்தது.
டர்பனில் ஒரு பல்வைத்தியரின் மனைவி
அவர் போன பிறகு விற்றாள்.
நான் வாங்கியபின் சுட்டவை
பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
நோட்டில் இருக்கிறது.
அதற்கு முன் எத்தனையோ, பல்வைத்தியர் எழுதிவைக்கவில்லை.

நான் லிஃப்ட் சோதிக்கிறவள்.
வடத்தில் ஓர் இழை அறுந்தால்
மிச்சத்தை எண்ணிப் பழகியவள்.
பன்னிரண்டாம் விநாடிக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்:
அடிக்கும் ஊசி மழுங்கிவிட்டது,
இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.
கூட்டை இழுக்கும் கொக்கி
மார்ச்சிலேயே நுனி தேய்ந்து மாற்றியதுதானே.
உதிரி இப்போது எவரும் வார்ப்பதில்லை.
ஒன்றை அறுத்துத்தான் இன்னொன்றுக்கு உறுப்பு.

பத்தொன்பது.
விசிலைக் கடித்தபடி சிபுசிசோ
என் மணிக்கட்டையே பார்க்கிறான்.
"வித்துத் தொலையேம்மா" என்று
பூபாலன் சொல்லப்போகிறார். மாதாமாதம் சொல்வதுதான்.
அவருடையது புதுசு, பாதி பிளாஸ்டிக்.

முப்பது.
மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து,
வெடிக்காததை உள்ளங்கையில் உருட்டுகிறேன்.
விளிம்பில் ஊசி பதித்த குழி
ஆழம். ஓரம் பிசிறவில்லை.
மேசையில் விழுந்த வெற்றுக்கூட்டை எடுத்து
பக்கத்தில் வைத்தேன். அதே குழி.

அடித்திருக்கிறது. ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறது.
கெட்டது போன வாரம் வாங்கிய டப்பா,
விளிம்புவரை மருந்து பரவாமல் விட்ட
ஏதோ ஒரு புத்தம்புது ஆலை.

துப்பாக்கியிடம் மன்னிப்புக் கேட்பதெல்லாம் கிடையாது.
செவ்வாய்க்கிழமை ஸ்பிரிங்கை எப்படியும் மாற்றுவேன்.
இன்று தாங்கிய வடம் நாளையும் தாங்கும் என்று
எந்தச் சான்றிதழிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

சாம்பலை ஊதினேன். கறுப்பாக ஒரு கோடு நின்றது.
எட்டாவது வெடித்தது.
இடப்பக்கம், கீழே, ஏழு.

அது என் கை.