ஏழாவது வீடு

வீதி முனையிலிருந்து எண்ணி
ஏழாவது வீட்டைத் தட்ட வேண்டும்.
பூட்டியிருந்தால் மூன்று தரம் வரலாம்.
பக்கத்து வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது,
அங்கே யாரும் அழுது கேட்டாலும்.
கந்தோரில் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்.

பெயர் எழுதுவதில்லை.
பதினெட்டுக்கு மேலே, ஆண், பெண்.
கடந்த இரண்டு கிழமையில்
எத்தனை நாள் நித்திரை வரவில்லை,
எத்தனை நாள் ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை.
இல்லவே இல்லை என்றால் பூச்சியம்,
அநேகமாய் எல்லா நாளும் என்றால் மூன்று.

மாளிகாவத்தை மாடிவீடு, ஐந்தாம் தட்டு.
லிப்ட் கதவில் யாரோ சேலை காயப்போட்டிருந்தார்கள்.
தையல் மெஷினை நிறுத்தாமலே
பதில் சொன்னாள் சுஹைரா.
மனச்சோர்வு என்று நான் வாசித்ததும்
அதென்ன கறி என்பதுபோல் பார்த்தாள்.
"அதெல்லாம் எனக்கு இல்ல. யோசனைதான்.
யோசனை கூடினா கை விறைக்கும்,
ஊசி எங்க போகுதெண்டு தெரியாது."
யோசனைக்குப் படிவத்தில் கட்டமில்லை.
எங்கே போடுவதென்று நிலூஷா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
கல்பனாவ, என்றா சிங்களத்தில்.
எங்கட அம்மாவுக்கும் அதுதான்.
அதற்கும் கட்டமில்லை.

கறுவாத்தோட்டத்தில் ஏழாவது வீடு ஒரு மதில்.
மதிலுக்குப் பின்னால் நாயின் மூச்சு.
"மாத்தயாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை"
என்றார் காவலாளி ஹேரத்.
விடிய மூன்று மணிக்கு மேல்மாடியில்
விளக்கு எரிவதை நான் கேட்கவில்லை,
அவராகத்தான் சொன்னார்.
மூன்று மணிக்கு விழித்திருப்பவர் இவரும்தானே;
உங்கள் நித்திரை எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.
இவர் அந்த வீட்டு உறுப்பினர் அல்லர்.
'மறுப்பு' என்று எழுதிவிட்டு
அவர் தந்த தண்ணீரைக் குடித்தேன்.

வெள்ளவத்தையில் கணினி தெரிந்தெடுத்தது மனைவியை.
பதில் சொன்னது தெய்வேந்திரம்.
"அவவுக்கு ஒண்டுமில்லை, எழுதுங்கோ."
ஒன்பது பூச்சியம்.
குசினியில் தண்ணீர்க் குழாய்
கேள்வி தொடங்கியதிலிருந்து ஓடிக்கொண்டேயிருந்தது.
ஒரு பாத்திரமும் மோதும் சத்தமில்லை.

காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கையில்
நான் விட்டுவந்த குடையோடு ஓடி வந்தா.
செருப்பு இரண்டும் வேறு வேறு சோடி.
"பிள்ளை, எனக்கு மூண்டு."
எதுக்கு அக்கா?
"எல்லாத்துக்கும். கடைசிக் கேள்விக்கும்."
தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டைக் கொடுத்தேன்.
பஸ் டிக்கெட் அளவுக்கு மடித்தா,
பிறகு இன்னும் ஒரு மடிப்பு.
எடுப்பீங்களோ என்று கேட்டேன்.
155 வந்துவிட்டது.
மட்டக்குளி வரைக்கும் றப்பரால் பூச்சியங்களை அழித்தேன்.
பஸ் குலுங்க, ஓரிடத்தில் தாள் கிழிந்தது.

இப்போது வரைபடம் வந்திருக்கிறது.
இளநீலம், நீலம், கருநீலம்.
கறுவாத்தோட்டம் வெள்ளை;
கூட்டத்தில் ஒரு பெரியவர்
அங்கே சுகமாயிருக்கிறார்கள் என்றார்.
கதவு திறக்கவில்லை ஐயா, என்று சொல்ல
கடைசி வரிசையில் கை தூக்கி, இறக்கினேன்.
வெள்ளவத்தையின் எண்ணில்
தசமப் புள்ளிக்குப் பின்னால்
குடை பிடித்து ஒருத்தி நிற்பது
எனக்கு மட்டும் தெரிந்தது.
சுஹைராவுக்கு ஊரின் மிக வெளிறிய நிறம்.

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையையும் எண்ணிப் பார்த்தேன்.
நான் இருப்பது ஆறாவது.
ஏழாவதில் றொசாலின் வீட்டுக்கு
வேறொரு பெடியன் வந்திருந்தான், புதுசு,
கேள்விகளைப் பாடமாக்கியதுபோல் ஒப்புவித்தான்.
பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம்
வெங்காயம் வெட்டிக்கொண்டு
ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி வந்தேன், மெதுவாய்.
ஒன்று. இரண்டு. இரண்டு.
நாலாவது கேள்வியில்
குக்கர் கூவிவிட்டது.