பதினான்கு மில்லிமீட்டர்

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறேன்.
ஜெல் குளிரும் என்று முன்பே சொல்லிவிடுவேன்.
மைனஸ் பதினெட்டில் பனிச்சறுக்கிவிட்டு வந்தவன்
இதற்குப் போய்ச் சிலிர்க்கிறான்.

தார்த்து நகரம். ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
திரையில் தார்வோ கிவிசாரின் இதயம்
அவனைவிட நிதானம்:
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
பேனா மூடியைக் கழற்றி மாட்டிவிடலாம்.

சுவரின் இந்தக் கரையில் ஒரு புள்ளி,
அந்தக் கரையில் ஒரு புள்ளி.
பதினான்கு.
திரும்பவும் பதினான்கு.

பதினொன்று என்றால் கைகுலுக்கி அனுப்பியிருப்போம்.
பதினெட்டு என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்போம்.
பதினான்கு வாயே திறக்காது.

வருடத்துக்கு எண்ணூறு மணி நேரம்
பைன் காட்டில் இழுத்த மூச்சு
இப்படியும் சுவர் எழுப்பும்.
எழுத்துப்பிழையோடு பிறந்த தசையும்
இப்படியே எழுப்பும்.
உழைத்த இதயத்தில் சுவரோடு கூடமும் அகலும்.
நோயின் சுவர் பெரும்பாலும்
உள்ளே வளர்ந்து அறையைத் தின்னும்.
இவன் அறை
பெரிது என்றும் சொல்ல முடியவில்லை,
சிறிது என்றும்.

"பெரிய மனசுக்காரன் என்கிறீர்களா?"
சிரிக்கிறான், இருபத்து மூன்று வயது.
என் முகம் பார்த்து நிறுத்துகிறான்.

ரத்தத்தில் மரபணு தேடினார்கள்.
"பொருள் விளங்காத மாற்றம்" என்று பதில் வந்தது.
கடைசியில் டாக்டர் ஓய்யா எழுதித் தந்த மருந்து:
தொண்ணூறு நாள் சும்மா இரு.

பயிற்சி கட்டியது பயிற்சி நின்றால் இறங்கும்.
நோய்க்கு விடுமுறை கிடையாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் நாய்
கழுத்துப்பட்டையைக் கவ்விக்கொண்டு
கதவருகே நின்றதாம்.
ஒத்தெப்பா பந்தயத்தை டிவியில் போட்டு
நாடி ஏறுகிறது என்று அணைத்தானாம்.
ஜெயிப்பதை மட்டுமே கற்றவன்
தன் நெஞ்சைப் பார்த்து
இறங்கு, தயவுசெய்து இறங்கு என்றானாம்.

போன வருடம் ராய்கோ.
அவனுக்கும் பதினான்கு. தொண்ணூறு நாள் கழித்தும் பதினான்கு.
இப்போது மற்றவர்களின் பலகைக்கு மெழுகு தேய்க்கிறான்.
சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
திருப்பிக்கொள்ள ஆள் இருக்கிறான் என்று
நான் பீட்ரூட் பொறுக்கப் போவேன்.

ஏப்ரல். ஆற்றில் பனிக்கட்டி போயிருந்தது.
தார்வோவுக்கு இடுப்பில் லேசாகச் சதை. நாடி ஐம்பத்தாறு.
ஜெல் குளிரும் என்கிறேன். இந்த முறை அசையவில்லை.

புள்ளி வைக்கும் விரல் என்னுடையது.
அரை மில்லிமீட்டர் நழுவினால்
அது என் இரக்கமாகவும் இருக்கலாம்.
அதனால் பழைய படத்தைத் திறக்கவில்லை,
அவன் முகத்தையும் பார்க்கவில்லை.

பதினொன்றரை.
பதினொன்று.
பதினொன்றரை.

"இறங்கிவிட்டது" என்கிறேன்.
வெகுநேரம் கூரையையே பார்த்தவன் கேட்கிறான்:
"அப்படியென்றால், கட்டியது எல்லாம் போச்சா?"

போச்சு என்கிறேன்.
துடைத்துக்கொள்ளக் காகிதம் நீட்டுகிறேன்.
வெளியே அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்கள்,
ஒரு துடுப்புப் படகுக்காரன்.