வரப்பு தாண்டாத யானை

நொகனூரிலிருந்து போனில் திம்மராயப்பா:
"பாப்பாவுக்கு அஞ்சு முடியுது.
கேக் மேல யானை வேணுமாம்.
சின்னதா போடுங்க."
எவ்வளவு சின்னது என்றேன்.
"வரப்பு தாண்டாத அளவுக்கு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
போன வாரம் அவர் ராகிக் காட்டில்
ஒன்பது இறங்கியதை, அதில் ஒன்று குட்டி என்பதை,
மறுநாள் பால்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

சர்க்கரை மாவில் கருப்பு ஜெல்
குண்டூசி முனையளவு; கொஞ்சம் கூடினால்
யானை எருமையாகிவிடும்.
உள்ளங்கைச் சூட்டுக்கே இளகுகிற மாவு,
சோளமாவு தொட்டுத் தொட்டு உருட்டினேன்.
தும்பிக்கை இரண்டு முறை அறுந்தது.
தேன்கனிக்கோட்டையில் மூன்று நாளாக மழை.
டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கே திருப்பிவைத்தேன்,
காதை விசிறிக்கொள்ளாத குறைதான்.

கால் நிற்க உள்ளே பல்குச்சி வைப்பது வழக்கம்.
கடிக்கப்போவது குழந்தை.
வேகவைக்காத ஸ்பாகெட்டியை ஒடித்துச் செருகினேன்.
என் நகத்தால் அதற்கு நகம் கீறினேன்.

சனிக்கிழமை அவரே வந்தார், டிவிஎஸ்ஸில்,
டேங்க் மேல் ஒரு சாக்கு விரித்து.
பெட்டியைத் திறந்து காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"டார்ச் அடிச்சா
கண்ணு இப்படித்தான் இருக்கும்."
எண்ணிக் கொடுத்ததில் ஐம்பது குறைவு.
நான் கேட்கவில்லை.

இரவு வாட்ஸப்பில் ஒரு படம்:
கன்னமெல்லாம் சாம்பல் பூசி ரக்‌ஷிதா
தும்பிக்கையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.
பின்னால், கொஞ்சம் மங்கலாக, அவர்.
வாயில் ஒரு கால்.