முறைத் தண்ணி

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே
எல்லாருக்கும் இறங்கும் அந்தச் சின்ன வாய்க்கால்
தாரிகாவுக்கு இல்லை.
சாணி வழித்த களம் மாதிரி மழமழவென்றிருக்கும்.
ஒன்பதாம் மாதத்தில் தத்தெடுத்து வந்த அன்று
அழகென்று நான் முத்தம் வைத்த இடம்.
கோயமுத்தூர் டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தபோதுதான்
அது சாட்சி என்று தெரிந்தது.
நீளமாய் ஒரு பேர் சொன்னார்.
மருந்து கேட்டேன்.
பேனா மூடியைக் கழற்றி, மறுபடி போட்டார்.

ஏழெட்டு ஐம்பத்தாறு
திங்கட்கிழமை தெரியும்.
செவ்வாய்க்கிழமை ஏழும் தெரியாது, எட்டும் தெரியாது.
பி.ஏ.பி. கடைமடையில் தோட்டம் எங்களுக்கு.
தண்ணி வந்தால் வந்தது;
வருமென்று விதை வாங்கி வைக்க முடியாது.
எனக்குப் புரிகிறது.
டீச்சருக்குத்தான்,
"நேத்து சொன்னா, இன்னைக்கு நடிக்கறா.
திமிருங்க."

ஒறம்பரையில் ஒருத்தி, சீர் வீட்டில்
தட்டத்தை நகர்த்திக்கொண்டே சொன்னாள்,
"ரத்தம் பேசுமில்ல."
ரத்தமில்லீங்கக்கா, குவாட்டரு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் பந்தியில்
முன்பின் தெரியாத யார் மடியிலோ ஏறி
அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தாள் இவள்.
ஓடினேன்.

ஃபைலில் ஒரே வரி:
தாய், மதுப் பழக்கம் உள்ளவர்.
அந்த வரியை எத்தனை ராத்திரி திட்டியிருப்பேன்.

போன ஐப்பசியில்
பொங்கலூர் தாண்டி ரோடு போடுகிற இடத்தில்
ஒருத்தி, ஆறு மாதமிருக்கும்,
ஜல்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு
புருசன் நீட்டிய டம்ளரை வாங்கினாள்.
கண்ணை இறுக மூடிக் குடித்தாள்,
கசாயம் குடிப்பதாட்டம்.
வண்டியை நிறுத்திப் போனேன்.
பேச நிறைய வைத்திருந்தேன்,
"வேண்டாங் கண்ணு" மட்டும் வந்தது.
"இடுப்பு வலிக்குதுங்க" என்றாள்.
பையிலிருந்த கடலை முட்டாயைக் கொடுத்துவிட்டு
வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அந்த வரியைத் திட்ட வரவில்லை.
தாரிகாவைத் திட்டுவேன். அது வேறு.
கேட்டைச் சாத்து, கேட்டைச் சாத்து என்று
பதினாலு தடவை சொல்லியும்
ஆடு புகுந்து மக்காச்சோளத்தை மேய்ந்த அன்று
கை ஓங்கினேன்.
இறங்கவும் செய்தது.
"எதுக்கும்மா அடிச்சே" என்று கேட்டாள்,
நிஜமாகவே தெரியாமல்.

பக்கத்துக் கொட்டாயில் தறி ஓடினால்தான் தூங்குவாள்.
சத்தம் நின்றால் எழுந்து அலறுவாள்.
நேற்று ரவைக்குக் கரண்ட் போனது.
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன்.
அழுது ஓய்ந்து கேட்டாள்,
"அம்மா, ஏழெட்டு எனக்கு எப்பவாச்சும் தெரிஞ்சுதா?"
"தெரிஞ்சுது."
"உனக்கு ஞாபகமிருக்குதா?"
"இருக்குது சாமி."
"அப்ப நீயே வெச்சிரு.
வேணுங்கறப்ப வாங்கிக்கறேன்."

எத்தனை வருசத்துக்கு என்று கேட்க நினைத்தேன்.
கரண்ட் வந்துவிட்டது.
நாலு தறியும் ஒன்றாய்ப் பிடித்துக்கொள்ள
வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.
மேலுதட்டில் வேர்வை,
இறங்க வாய்க்கால் இல்லாமல்
முத்து முத்தாய் அங்கேயே நின்றது.
துடைத்தேன்.