பசியாறிய பிறகு

மாத்திரை உறையின் மேல் மிஸி ரோஸ்னா
நீல மையில் எழுதித் தந்தார்:
பசியாறிய பிறகு ஒன்று.

யாருடைய பசியாறல், மிஸி?
எனக்கு விடிவது மாலை ஐந்தரைக்கு.
பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வாசல்,
இரவுக் காவல், பதினோரு வருடம்.
ஊர் ரொட்டி சானாய் பிய்க்கிற நேரம்
திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறவன் நான்.
அதனால் அந்த மாத்திரை
சில நாள் காலையில்,
சில நாள் மாலையில்,
பல நாள் சட்டைப்பையில்.

கிளினிக் தேதி பதினேழு.
பதினான்கிலிருந்தே நான் உத்தமன்.
கோப்பி ஓ கொசோங்.
பாதிச் சோறு.
நாசி கண்டார் கடையைத் தாண்டும்போது
மோட்டாரை முறுக்கி ஓடினேன்,
கடன்காரனைக் கண்டவன் போல.

இரத்தத்துக்கு ஆனால்
மூன்று மாத ஞாபகமாம்.
டாக்டர் ஊய் திரையைப் பார்த்துச் சொன்னார்:
ஒன்பது புள்ளி நாலு.
கோபம் இல்லை குரலில்.
கோபப்பட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்.
தங்கை மகள் கல்யாணத்துப் பால்கோவா,
மூன்று மணித் தூக்கத்தை விரட்டிய டின்பால் தே,
ஒவ்வொன்றும் நேரம் போட்டு
உள்ளே பதிவாகியிருந்தன.
எனக்குள்ளும் ஒரு காவல்காரன்
வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.
அவன் தூங்குவதே இல்லை.
நான் தூங்கியிருக்கிறேன்,
மேலாளர் இதைப் படிக்க வேண்டாம்.

பிறகு ஒரு தாளை விரித்தார்.
அதில் நூறு குட்டி மனிதர்கள், வரிசையாக.
உங்களைப் போல நூறு பேர் என்றார்.
வயது ஐம்பத்துமூன்று. சிகரெட். கொதிப்பு.
கெட்ட கொழுப்பு. இனிப்பு நீர்.
பேனாவால் ஒவ்வொருவராய்ச் சிவப்பாக்கினார்,
இருபத்தாறு பேர்.
பத்து வருடத்துக்குள் இவர்களுக்கு
மாரடைப்போ பக்கவாதமோ.

யார் அந்த இருபத்தாறு? என்றேன்.
தெரியாது, என்றார்.
தெரியாததால்தான்
நூறு பேருக்கும் மருந்து.

அன்றிரவு ஷிஃப்ட் மாறுகையில்
அட்டை தட்டி உள்ளே போனவர்களை எண்ணினேன்.
இருபத்தாறாவது, நேப்பாளப் பையன் திலக்.
மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.
போடா, உன் கணக்கும் நீயும், என்று
என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் ஹலிம்.
போன வருடம் இதே கொட்டகையில்
தாடை வலிக்கிறது, பல்லாக இருக்கும் என்றான்.
பானடால் இருக்கிறதா என்றான்.
இருந்தது. கொடுத்தேன்.
தண்ணீரும் கொடுத்தேன்.
கார் நிறுத்துமிடத்தில், விளக்குக் கம்பத்தடியில்,
நாலேகாலுக்கு நான்தான் பார்த்தேன்.
பதிவேட்டில் அன்றைக்கு என் கையெழுத்து
வேறு யாருடையதோ போலிருக்கும்.

இதை டாக்டரிடம் அடுத்த முறை சொன்னேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே எண் மாறியது, ஆயிரத்து நாற்பத்தேழு.
கைப்பட்டை காற்றிறங்கும் சத்தம்.
பிறகு கேட்டார்:
நீங்கள் எப்போது தூங்குவீர்கள்?

பதினோரு வருடத்தில்
யாரும் கேட்காத கேள்வி.
என் மனைவி பூவிழி கேட்டிருக்கிறாள்,
அது வேறு அர்த்தம்.

உறையில் இருந்ததை அடித்துவிட்டு
வேலைக்குக் கிளம்பும் முன், என்று எழுதினார்.
அவ்வளவுதான். வேறு மந்திரம் இல்லை.
சிகரெட் பத்தொன்பதிலிருந்து ஏழாகியிருக்கிறது.
ஏழில் இரண்டைப் பற்றிப் பூவிழிக்குத் தெரியாது.
கொதிப்பு நூற்று நாற்பத்திரண்டு.
இன்னும் கொஞ்சம், என்கிறார் மிஸி,
பஸ் ஏறுகிறவனைப் பின்னாலிருந்து தள்ளுவது போல.

மாலை ஆறு. பசியாறியாச்சு.
சீனி இல்லாத கோப்பி இன்னும் கசக்கிறது,
பொய் சொல்ல மாட்டேன்.
ஏழு மணிக்குப் பதிவேட்டைத் திறந்து
முதல் வரியில் எழுதுகிறேன்:
விளக்குகள் சரி. பின்கதவு பூட்டு சரி.
மாத்திரை போட்டாச்சு.

இதை ஏன் இங்கே எழுதுகிறாய் என்று
ஒருநாள் யாராவது கேட்பார்கள்.
கேட்கட்டும்.